எங்கே வலிக்கிறது?

வைத்திய சாஸ்திரம் இந்நாளில் எவ்வளவோ வளர்ந்துவிட்டது. தேகத்தைத் திறக்காமலே உள்ளே இருப்பதைப் படம் பிடித்துக் காட்டும் யந்திரங்கள் வந்துவிட்டன. ஊசிமுனையளவு ரத்தத்தை எடுத்துக்கொண்டு போய், ஒரு நீளமான காகிதம் நிறையக் கணக்கு எழுதிக்கொண்டு வருகிறார்கள். ஆனாலும், நேயர்களே, எந்த ஆஸ்பத்திரிக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். டாக்டர் முதலில் யந்திரத்தின் பக்கம் திரும்புவதில்லை. நம்மை எதிரே உட்கார வைத்து, "உடம்புக்கு என்ன? எங்கே வலிக்கிறது? எத்தனை நாளாக?" என்றுதான் கேட்கிறார். எந்த யந்திரத்தைத் தேடிப் போவது, எந்த மருந்தை எடுப்பது என்பதெல்லாம் அந்த மூன்று கேள்விகளுக்கு நாம் சொல்லும் பதிலைப் பொறுத்திருக்கிறது.

அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தெரியாத ஒருவர் டாக்டருக்கு எதிரே உட்கார்ந்திருந்தால்?

ஒரு வாலிபரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது முப்பது. பிறவியிலிருந்தே அறிவு வளர்ச்சி மெதுவாக அமைந்தவர். பத்துப் பன்னிரண்டு வார்த்தைகள்தான் பேசுவார். பாட்டு வைத்தால் தலையை ஆட்டிக்கொண்டு மணிக்கணக்கில் சந்தோஷமாக இருப்பார். நாலு நாளாக அவர் பாட்டுக் கேட்பதில்லை. சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிடுகிறார். கன்னத்தில் தாமே ஓங்கி ஓங்கி அறைந்துகொள்கிறார். வீட்டார் பயந்துபோய் டாக்டரிடம் அழைத்து வருகிறார்கள். டாக்டர் நல்லவர்தான், ஆனால் வெளியே ஐம்பது பேர் காத்திருக்கிறார்கள். வாலிபரை ஒரு பார்வை பார்க்கிறார். "இந்த மாதிரி உள்ளவர்கள் சில சமயம் இப்படித்தான் செய்வார்கள். தூக்கத்துக்கு ஒரு மாத்திரை தருகிறேன்" என்கிறார். வாலிபர் தூங்குகிறார். கடைவாய்ப் பல்லின் அடியில் கோத்துக்கொண்டிருக்கும் சீழ் மட்டும் தூங்கவில்லை.

சுபாவமா, வியாதியா?

வாலிபர் கற்பனை, டாக்டர் செய்த தவறு கற்பனையல்ல. 1982-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஸ்டீவன் ரைஸ் என்ற மனோதத்துவ நிபுணரும் அவருடைய சகாக்களும் இதைப் பரீட்சை செய்து பார்த்தார்கள். மனக்கோளாறு உள்ள ஒருவரைப் பற்றிய விவரத்தைத் தொழில் தெரிந்தவர்களிடம் கொடுத்தார்கள். "இவருக்கு அறிவு வளர்ச்சியும் குறைவு" என்று ஒரு வரி சேர்த்துச் சொன்னபோது, அதே மனக்கோளாறு அவர்கள் கண்ணுக்குச் சிறியதாகப் பட்டது. பெரிய குறையின் நிழல் விழுந்து மற்ற வியாதிகள் மறைந்துபோகின்றன என்று அந்த ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். அதற்கு நிழலையே குறிக்கும் பெயரும் வைத்தார்கள். பிறகு, மனக்கோளாறு மட்டுமல்ல, தேக வியாதிகளும் அதே நிழலில் மறைந்துபோவதை வைத்தியர்கள் உணர்ந்தார்கள்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றி விளக்கம் அவசியம். இங்கிலாந்தில் இந்நிலைக்கு வழங்கும் பெயரை நேராக மொழிபெயர்த்தால் 'கற்றல் குறைபாடு' என்று வரும். நம் நாட்டில் அந்தப் பெயரைக் கேட்டால், புத்திசாலியான குழந்தைக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பதிலோ கணக்குப் போடுவதிலோ ஏற்படும் சங்கடமே ஞாபகத்துக்கு வரும். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது அல்ல. புதிய விஷயங்களைப் புரிந்துகொள்வதற்கும், அன்றாடக் காரியங்களைச் செய்துகொள்வதற்கும் சிறு வயது முதல் வாழ்நாள் முழுதும் துணை தேவைப்படுகிறவர்களைப் பற்றியது. நம் சட்டம் இதை 'அறிவுசார் குறைபாடு' என்று தனியாகப் பிரித்துச் சொல்கிறது. பிரிட்டனில் இத்தகையவர்கள் சுமார் 15 லட்சம் பேர் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் இவர்களுடைய வலி யார் காதிலும் விழாமல் போவது ஏன் என்ற கேள்வியை அந்தத் தேசம் கடந்த சில ஆண்டுகளில் மிகவும் வருத்தத்துடன் கேட்டுக்கொண்டது. அது கண்ட விடைகளில் நம் வீடுகளுக்கும் வேண்டியவை பல இருப்பதால், அந்தக் கதையைச் சற்று விரிவாகவே சொல்லலாம்.

ஒரு தாயின் கடிதம்

கதை ஒரு பத்திரிகைக் கடிதத்தில் ஆரம்பமாகிறது. 1946-ஆம் ஆண்டில் ஜூடி ஃப்ரைட் என்ற தாய், குழந்தை வளர்ப்பைப் பற்றிய ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அறிவு வளர்ச்சி குறைந்த தம் குழந்தைக்குப் பள்ளிக்கூடமும் இல்லை, உதவியும் இல்லை என்று சொல்லி, தம்மைப் போன்ற பெற்றோர் ஒன்று சேரவேண்டும் என்று அழைத்தார். நாட்டின் பல பாகங்களிலிருந்தும் பதில்கள் வந்தன. அவற்றிலிருந்து பிறந்த சங்கந்தான் இன்று 'மென்காப்' என்ற பெயருடன் விளங்குகிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1948 ஜூலை 5-ஆம் தேதி, எல்லாப் பிரஜைகளுக்கும் இலவச வைத்தியம் என்ற பெரிய திட்டத்தை பிரிட்டிஷ் சர்க்கார் ஆரம்பித்தார்கள். ஆஸ்பத்திரிக் கதவு எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஆனால், கதவு திறந்தால் மட்டும் போதாது, உள்ளே இருப்பவர் நம் பாஷையைப் புரிந்துகொள்ளவும் வேண்டும் என்பது வெளிப்பட அறுபது ஆண்டுகள் ஆயின.

2007-ஆம் ஆண்டில் அந்தச் சங்கம் ஒரு சிறு நூல் வெளியிட்டது. 'அலட்சியத்தால் மரணம்' என்பது அதன் தலைப்பின் பொருள். அறிவுசார் குறைபாடுள்ள ஆறு பேர் வைத்திய நிலையங்களின் பராமரிப்பில் இருந்தபோது இறந்த வரலாறு அதில் இருந்தது. அவர்களில் ஒருவருக்கு வயது 43. பக்கவாதம் கண்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர், விழுங்க முடியவில்லை, பேசவும் தெரியாது. அவருக்கு 26 நாள் உணவே செல்லவில்லை. நர்ஸுகள் குழாய் மூலமாக உணவு கொடுத்து வருவதாக டாக்டர்கள் எண்ணிக்கொண்டிருந்தார்களாம்! "பசிக்கிறது" என்ற ஒரு வார்த்தை சொல்லக்கூடிய நோயாளியாயிருந்தால் இப்படி நடந்திருக்குமா? இன்னொரு யுவதிக்கு வயது 26, புற்றுநோய். சிகிச்சைக்குச் சம்மதம் சொல்லும் சக்தி அவளுக்கு இல்லை என்று காரணம் காட்டி, சிகிச்சையே வேண்டாம் என்று டாக்டர்கள் தீர்மானித்தார்கள்.

நாடு திடுக்கிட்டது. 2008-ல் ஸர் ஜானதன் மைக்கேல் தலைமையில் நடந்த விசாரணை, ஆஸ்பத்திரிச் சிப்பந்திகளுக்கு இந்த விஷயத்தில் பயிற்சி மிகவும் குறைவு என்றும், குடும்பத்தார் சொல்வதை யாரும் பொருட்படுத்துவதில்லை என்றும் எடுத்துக் காட்டியது. 2009-ல் பார்லிமெண்டின் குறைகேள் அதிகாரி அந்த ஆறு பேரின் கதைகளையும் ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டார். எல்லாப் புகார்களும் நிரூபணமாகிவிடவில்லை. ஆனால் சில விஷயங்களில் குற்றம் உண்மைதான் என்றும், காப்பாற்றியிருக்கக்கூடிய உயிர் போயிருக்கிறது என்றும் முடிவு சொன்னார்.

பிரிஸ்டல் சர்வகலாசாலையார் இன்னும் விரிவாக ஆராய்ந்தார்கள். அறிவுசார் குறைபாடுள்ள 247 பேரின் மரணங்களை ஒவ்வொன்றாகப் பரிசீலித்து, 2013-ல் அறிக்கை கொடுத்தார்கள். அவர்களில் ஆண்கள் மற்ற ஆண்களைவிடச் சராசரி 13 ஆண்டு முன்னதாகவும், பெண்கள் மற்றப் பெண்களைவிட 20 ஆண்டு முன்னதாகவும் இறந்திருந்தார்கள். நல்ல வைத்தியத்தால் தடுத்திருக்கக்கூடிய மரணங்கள் பொதுஜனங்களிடையே நூற்றுக்கு 13. இவர்களிடையே நூற்றுக்கு 37. கொடிய வியாதிகளால் நேர்ந்தவையல்ல அந்த மரணங்கள். சாதாரண வியாதிகளைக் காலத்தில் கண்டுபிடிக்காததாலும், கண்டுபிடித்த பிறகு தாமதம் செய்ததாலும் நேர்ந்தவை.

மலச்சிக்கல் என்றால் நாம் புன்னகை செய்வோம். பாட்டி கஷாயம் போட்டுக் கொடுத்துத் தீர்த்துவிடும் விஷயம். ஆனால் வயிறு உப்புவதைச் சொல்லத் தெரியாதவர்களுக்கு அதுவே முற்றிப்போய் உயிரைக் குடித்ததும் உண்டு.

மூன்று வர்ணப் புத்தகம்

சரி, அதற்கு என்ன பரிகாரம் கண்டார்கள்? அவற்றுள் மிகச் சிறந்தது மிக எளிய ஒன்று: சில பக்கங்கள் கொண்ட ஒரு சிறு புத்தகம். அதற்கு 'ஆஸ்பத்திரி பாஸ்போர்ட்' என்று பெயர். அந்நிய நாட்டுக்குப் போகிறவர் பாஸ்போர்ட் எடுத்துப் போவதுபோல, ஆஸ்பத்திரி என்னும் அந்நிய நாட்டுக்குள் போகும்போது இதை எடுத்துப் போகிறார்கள். நாற்சந்தி விளக்கைப் போலப் பல இடங்களில் இதை மூன்று வர்ணங்களில் அமைக்கிறார்கள். சிவப்புப் பக்கத்தில், தெரியாவிட்டால் ஆபத்து என்ற விஷயங்கள்: என்ன வியாதிகள் உண்டு, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, விழுங்குவதில் கஷ்டம் உண்டா, வலி வந்தால் எப்படித் தெரியப்படுத்துவார் என்பவை. மஞ்சள் பக்கத்தில், முக்கியமான பழக்கங்கள்: எப்படிச் சாப்பிடுவார், எப்படித் தூங்குவார், கழிவறைக்குப் போகவேண்டும் என்பதை எந்த ஜாடையால் சொல்வார். பச்சைப் பக்கத்தில், பிடித்தது, பிடிக்காதது.

"பிடித்தது பிடிக்காதது எல்லாம் டாக்டருக்கு எதற்கு?" என்று கேட்கலாம். அதில்தான் விஷயம் இருக்கிறது. இங்கிலாந்தின் வட பகுதியில் டாக்டர் கிளாட் ரெக்னார்ட் என்பவரும் அவருடன் வேலை செய்தவர்களும், பேச முடியாதவர்களின் வேதனையை அறிவதற்கு ஒரு குறிப்பு முறையை ஏற்படுத்தினார்கள். வலி என்றால் எல்லோரும் ஒரே மாதிரி முகத்தைச் சுளிப்பார்கள் என்ற எண்ணம் தவறு என்று அவர்கள் கண்டார்கள். ஒருவர் கத்துவார், ஒருவர் வழக்கத்துக்கு மாறாக மௌனமாகிவிடுவார், ஒருவர் சிரிக்கவுங்கூடச் சிரிப்பார். ஆகவே, மனம் நிம்மதியாயிருக்கும்போது இவர் முகம் எப்படி, குரல் எப்படி, உட்காரும் விதம் எப்படி என்று முதலில் எழுதி வைத்துக்கொள்ளவேண்டும். பிறகு, அது மாறினால் ஏதோ கஷ்டம் என்று அறிந்துகொண்டு காரணத்தைத் தேடவேண்டும். நமது கற்பனை வாலிபருக்குப் பாட்டுப் பிடிக்கும் என்பது டாக்டருக்குத் தெரிந்திருந்தால், பாட்டை வெறுத்த நாலு நாளும் நாலு சாட்சிகளாக நின்றிருக்கும்.

இன்னும் இரண்டு முயற்சிகளைச் சொல்லவேண்டும். ஷீலா ஹாலின்ஸ் என்ற மனநோய் மருத்துவர் அறிவுசார் குறைபாடுள்ள ஒரு மகனின் தாய். அவர் எழுத்தே இல்லாத படக்கதைப் புத்தகங்களை வெளியிட ஆரம்பித்தார். 1989-ல் வந்த முதல் புத்தகங்கள் தாய் தந்தையரின் மரணத்தைப் பற்றியவை. பின்னால் டாக்டரிடம் போவது, ஆஸ்பத்திரியில் தங்குவது முதலியவற்றுக்கும் படக்கதைகள் வந்தன. நடக்கப் போவதை முன்கூட்டிப் படத்தில் பார்த்துவிட்டால் பாதி பயம் போய்விடுகிறது அல்லவா? மற்றொன்று, 1970-களில் மார்கரெட் வாக்கர் என்ற அம்மையார் இரண்டு நண்பர்களுடன் சேர்ந்து வகுத்த கைஜாடை முறை. மூவர் பெயர்களின் முதல் எழுத்துக்களையும் கோத்து அதற்கு 'மாக்கடான்' என்று பெயர் வைத்தார்கள். வாய் வார்த்தையும் கைஜாடையும் சேர்ந்தே வரும். 'வலி', 'தண்ணீர்', 'போதும்' போன்ற சில ஜாடைகளை ஒரு நர்ஸ் கற்றுக்கொண்டாலும் நோயாளிக்கு எவ்வளவு தைரியம்!

'ஆமாம்' என்னும் அபாயம்

பேசத் தெரிந்தவர்களிடமும் ஜாக்கிரதை வேண்டும். "வயிறு வலிக்கிறதா?" என்று கேட்டால் "ஆமாம்" என்பார். "வலிக்கவில்லையே?" என்று கேட்டால் அதற்கும் "ஆமாம்" என்பார். பொய் சொல்வதாக எண்ணவேண்டாம். பெரியவர்களுக்கு "ஆமாம்" சொன்னால் அவர்கள் சந்தோஷப்படுவார்கள் என்பதை வாழ்க்கையில் நன்றாகக் கற்றுக்கொண்டவர் அவர். ஆதலால் அனுபவமுள்ள வைத்தியர்கள் "ஆமாம், இல்லை" என்று முடியும் கேள்வியை நம்புவதில்லை. மனித உருவம் வரைந்த படத்தைக் கொடுத்து, "எங்கே என்று தொட்டுக் காட்டுங்கள்" என்கிறார்கள்.

அவர்கள் கடைப்பிடிக்கும் வேறு சில முறைகளும் தெரிந்துகொள்ளத்தக்கவை. கூட வந்தவரைப் பார்த்துப் பேசாமல், நோயாளியின் முகத்தைப் பார்த்து, அவர் பெயரைச் சொல்லிப் பேசவேண்டும். ஒரு தடவைக்கு ஒரு விஷயந்தான் கேட்கவேண்டும். கேட்ட பிறகு சும்மா இருக்கவேண்டும். இதுதான் மிகவும் கஷ்டம்! பத்து விநாடி மௌனம் நமக்கு ஒரு யுகமாகத் தோன்றுகிறது. ஆனால் பதில் அந்தப் பத்து விநாடிக்குப் பிறகுதான் வருகிறது. "எத்தனை நாளாக?" என்பது விளங்காதவருக்கு, "பண்டிகைக்கு முன்பா, பின்பா?" என்பது விளங்கலாம். இதயத் துடிப்பைக் கேட்கும் குழாயை முதலில் அவர் கையில் கொடுத்து, தொட்டுப் பார்க்க விடவேண்டும். ஊசி என்றால் மிரளுகிறவரை, ஊசி போடாத ஒரு நாளில் அழைத்து வந்து அறையையும் நாற்காலியையும் காட்டி அனுப்பவேண்டும். கடைசியில், "விளங்கிற்றா?" என்று கேட்டால் மறுபடியும் "ஆமாம்" தான் வரும். "வீட்டுக்குப் போய் மாத்திரையை எப்படிச் சாப்பிடுவீர்கள்? எனக்குச் சொல்லுங்கள்" என்று கேட்கவேண்டும்.

இவையெல்லாம் கருணையுள்ளவர்கள் செய்யும் தர்மம் என்று விட்டுவிடாமல், சட்டத்தின் கடமையாகவும் ஆக்கினார்கள். ஒருவர் தம் விஷயத்தைத் தாமே தீர்மானிக்கச் சக்தியற்றவர் என்று சொல்வதற்கு முன், அவருக்கு விளங்க வைக்கச் சாத்தியமான எல்லா வழிகளையும் முயன்று பார்த்திருக்கவேண்டும் என்கிறது 2005-ஆம் ஆண்டுச் சட்டம். 2010-ஆம் ஆண்டுச் சட்டம், குறைபாடுள்ளவருக்காக நியாயமான மாறுதல்களைச் செய்தே தீரவேண்டும் என்கிறது. காலையில் முதல் ஆளாகப் பார்ப்பது, இரட்டிப்பு நேரம் ஒதுக்குவது, சந்தடியில்லாத அறை கொடுப்பது ஆகியவை அத்தகைய மாறுதல்கள். மேலும், 14 வயதுக்கு மேற்பட்டவர்களைக் குடும்ப வைத்தியர் ஆண்டுக்கு ஒரு முறை முழுப் பரீட்சை செய்யும் ஏற்பாடும் இருக்கிறது. தாமே வந்து "உடம்பு சரியில்லை" என்று சொல்லாதவர்களை, நாமே தேடிப் போய்க் கேட்பதுதானே முறை?

ஆலிவர் என்ற பெயர்

இவ்வளவும் செய்த பிறகு எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. 2016-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், ஆலிவர் மகோவன் என்ற 18 வயது வாலிபர் பிரிஸ்டல் நகர ஆஸ்பத்திரி ஒன்றில் இறந்தார். ஆட்டிஸமும் காக்காய் வலிப்பும், சிறிதளவு அறிவுசார் குறைபாடும் உள்ளவர். மனநோய்க்குக் கொடுக்கும் ஒரு வகை மருந்து தமக்கு ஒத்துக்கொள்ளாது என்பதை அவரே சொன்னார், பெற்றோரும் சொன்னார்கள். அப்படியிருந்தும் அவ்வகை மருந்து கொடுக்கப்பட்டது. மூளை வீங்கி அவர் உயிர் பிரிந்தது. இங்கே நோயாளி பேசத் தெரியாதவர் அல்ல என்பதைக் கவனிக்கவேண்டும். அவர் தெளிவாகத்தான் சொன்னார். கேட்கத்தான் ஆள் இல்லை.

அவருடைய பெற்றோர் ஓயாமல் செய்த முயற்சியின் பலனாக, வைத்திய நிலையங்களின் சிப்பந்திகள் அனைவருக்கும் இந்த விஷயத்தில் பயிற்சி கொடுக்கவேண்டும் என்று 2022-ல் சட்டம் ஏற்பட்டது. அந்தப் பயிற்சிக்கு ஆலிவரின் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது. அதைக் கற்பிப்பவர்களிடையே அறிவுசார் குறைபாடுள்ளவர்களும் இருக்கிறார்கள். டாக்டர்கள் மாணாக்கராக உட்கார்ந்து, "எங்களிடம் எப்படிப் பேசவேண்டும்" என்று அவர்கள் சொல்வதைக் கேட்கிறார்கள். வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. 2022-ல் இத்தகையவர்களிடையே நேர்ந்த மரணங்களில் நூற்றுக்கு 42 தவிர்த்திருக்கக் கூடியவை என்று கணக்கிட்டார்கள்.

நம் வீட்டில்

நம் நாட்டுக்கு வருவோம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்லுகிறது. அறிவுசார் குறைபாடு அவற்றுள் ஒன்று. ஆஸ்பத்திரியின் எல்லாப் பகுதிகளிலும் தடையின்றிச் சென்று வரவும், சிகிச்சையில் முன்னுரிமை பெறவும் அந்தச் சட்டம் வழி செய்கிறது. செய்தித் தொடர்பு என்பதற்கு அது கொடுத்திருக்கும் விளக்கத்தில் கைஜாடையும் எளிய பாஷையும் சேர்ந்திருக்கின்றன. படத்தைத் தொட்டால் குரலெழுப்பிப் பேசும் 'ஆவாஸ்' என்ற கருவி நமது சென்னையிலேயே உருவாயிற்று. ஆகையால் நம்மிடம் ஒன்றுமே இல்லை என்று சொல்வதற்கில்லை.

ஆனால் நம் வீடுகளில் இத்தகைய குழந்தைக்கு உண்மையான பாஸ்போர்ட் எது? அம்மாதான். குழந்தை காதைப் பிடித்தால் பசி, மூலையில் போய் உட்கார்ந்தால் வயிற்று வலி என்பதெல்லாம் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். நாற்பது வயதான 'குழந்தை'யின் எண்ணற்ற ரகசியங்கள் எழுபது வயதான ஒரு தாயின் ஞாபகத்தில் மட்டும் பத்திரமாயிருக்கின்றன. அந்தத் தாய் ஒரு நாள் படுத்துவிட்டால்? "எனக்குப் பிறகு யார்?" என்று அவள் இரவில் கேட்டுக்கொள்ளும் கேள்விக்கு முழு விடை சொல்ல நம்மால் முடியாது. ஆனால் பாதி விடை ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது.

இன்றைக்கே எழுத ஆரம்பிக்கலாம். ஒத்துக்கொள்ளாத மருந்து, சாப்பிடும் விதம், பயப்படும் பொருள், சந்தோஷத்தின் அடையாளம், வலியின் அடையாளம் என்று வரிசையாக எழுதலாம். சுலபமான தமிழில், தேதி போட்டு எழுதவேண்டும். தாய் சொல்ல, அண்ணனோ தங்கையோ எழுதலாம், சம்பந்தப்பட்டவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "இது சரிதானே?" என்று கேட்டு எழுதினால் இன்னும் விசேஷம். டாக்டரிடம் போகும்போது, மருந்துச் சீட்டுக்கு முன்னால் அந்த நோட்டுப் புத்தகத்தை நீட்டவேண்டும். நேரமில்லாத டாக்டருங்கூட முதல் பக்கத்தைப் படிக்க ஒரு நிமிஷம் ஒதுக்குவார்.

ஆரம்பத்தில் பார்த்த வாலிபரை மறுபடியும் டாக்டருக்கு எதிரே உட்கார வைப்போம். இந்தத் தடவை அவர் மடியில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில், "பாட்டுக் கேட்கப் பிடிக்கும். பாட்டு வேண்டாம் என்றால் எங்கேயோ வலிக்கிறது என்று அர்த்தம்" என்று எழுதியிருக்கிறது. டாக்டர் படிக்கிறார். மாத்திரைச் சீட்டை ஒதுக்கி வைக்கிறார். சிறு விளக்கை எடுத்து, முதலில் தம் வாயைத் திறந்து காட்டி, "இப்படித் திறங்கள், பார்ப்போம்" என்கிறார்.